செயலி வருவதற்கு முன்பே
நியூயார்க்கில் ஆண்கள் ஆண்களைத் தேடிப் போகும் இடங்களைக் கைபேசிச் செயலிகள்தான் காலி செய்தன என்று நான் படித்த ஒரு கட்டுரை சொல்கிறது. ஆனால் அந்த வகைச் செயலியான கிரைண்டர் வந்ததே 2009இல். பாடகி பெட் மிட்லர் பாடிப் பேர் வாங்கிய கான்டினென்டல் பாத்ஸ், ஆண்கள் சந்தித்துக்கொண்ட குளியல் விடுதி, 1968இல் திறந்து எழுபதுகளிலேயே மூடிவிட்டது. அதே மாதிரியான செயின்ட் மார்க்ஸ் குளியல் விடுதியை 1985இல் எய்ட்ஸ் பயத்தில் நகர நிர்வாகமே பூட்டியது. பூட்டியது சரிதான் என்கிறார் கட்டுரைக்குக் கீழே கருத்து எழுதிய ஒருவர். ஆணுறையும் தகவலும் கொடுக்க வசதியான ஓர் இடமும் அதோடு போயிற்றே? ஆண்கள் கூடிய இன்னொரு இடமான ஹட்சன் ஆற்றோரத்துப் பழைய கப்பல் துறைகளை இடித்துப் பூங்கா ஆக்கிவிட்டார்கள். தாக்குப்பிடித்தது என்றால் சென்ட்ரல் பார்க்கின் ராம்பிள் தோப்புதான். பறவை பார்க்கிறவர்களுக்கும் அதே இடம்தான். ஒரு மே மாதக் காலையில் பைனாகுலரோடு போனேன். எதிரே வந்தவருக்கு என்னை எந்தக் கூட்டத்தில் சேர்ப்பது என்று புரியவில்லை, சிரித்துவிட்டுப் போனார்.