விண்வெளிக்கு வேன் வேண்டாம் சார்

(ஆசிரியர் அறை. மேஜையில் ஒரு விசில், முதலுதவிப் பெட்டி, ஒரு கட்டு பிளாஸ்டிக் கவர்.)

பி.டி. சார்: டீச்சர், வெள்ளிக்கிழமை சுற்றுலாவுக்கு பஸ் எத்தனை மணிக்கு?

அறிவியல் டீச்சர்: பஸ்ஸே கிடையாது சார். கம்ப்யூட்டர் லேபில் உட்கார்ந்தபடியே சர்வதேச விண்வெளி நிலையத்துக்குப் போகிறோம்.

சார்: தூரம்?

டீச்சர்: தலைக்கு மேலே சுமார் 400 கிலோமீட்டர்.

சார்: அவ்வளவுதானா! விடியற்காலையில் கிளம்பினால் ராத்திரிக்குள் திரும்பிவிடலாம்.

டீச்சர்: அது ஒரே இடத்தில் நிற்காது சார். 90 நிமிஷத்துக்கு ஒரு தடவை பூமியைச் சுற்றும். நீங்கள் பத்து நிமிஷம் தலை எண்ணுவீர்களே, அதற்குள் 4,000 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கும்.

சார்: அப்போ லேட்டாக வருகிறவனை விட்டுவிட்டுத்தான் போகவேண்டும்.

டீச்சர்: அது பாட்டுக்கு ஓடட்டும். நாம் பார்க்கப்போவது 2017-ல் கூகுள் வெளியிட்ட படங்கள். பிரெஞ்சு விண்வெளி வீரர் தோமா பெஸ்கே உள்ளே மிதந்தபடியே எடுத்தவை.

சார்: சம்மதக் கடிதம் எல்லாம் வந்துவிட்டது. ஒரு அம்மா மட்டும், ‘ஜன்னலோர சீட் வேண்டாம், பையனுக்குச் சளி பிடிக்கும்’ என்று எழுதியிருக்கிறார்.

டீச்சர்: குப்போலா என்று ஏழு ஜன்னல் வைத்த இடமே அங்கே இருக்கிறது. ஒன்றைக்கூடத் திறக்கமாட்டார்கள் என்று சொல்லிவிடுங்கள்.

சார்: வேறு என்ன செய்யணும்?

டீச்சர்: இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். ஜோடிக்கு ஒரு கேள்வி. பதிலை அவர்களே படத்தில் தேடணும். சும்மா காட்டினால் ஐந்தாவது நிமிஷம் கொட்டாவி வந்துவிடும். தரை எது, கூரை எது? தூங்குவது எங்கே? இப்படி. கழிப்பறை எங்கே என்ற கேள்விக்கு மட்டும் ஒரே அடிதடி.

சார்: நியாயமான கேள்விதானே?

டீச்சர்: சிறுநீரைச் சுத்தம் செய்து குடிதண்ணீராக்குகிறார்கள் சார். 2023-ல் 98 சதவீதத் தண்ணீரை மீட்டுக் காட்டினார்கள்.

சார்: (குறித்துக்கொண்டே) தண்ணீர் பாட்டில்... வீட்டிலிருந்தே... கொண்டுவரவும்.

டீச்சர்: அது சரி, இந்தக் கவர் எதற்கு?

சார்: வாந்திக்கு. என் சர்வீஸில் கவர் இல்லாமல் ஒரு சுற்றுலா போனதில்லை.

டீச்சர்: நாற்காலியில் உட்கார்ந்திருப்பவனுக்கு என்ன சார் வாந்தி? விண்வெளி வீரர்களுக்கு வரும், உண்மைதான். பாதிப் பேருக்கு மேல் முதல் சில நாள் அவஸ்தைப்படுவார்கள். நமக்கு என்ன? இந்தாருங்கள், மவுஸ். ஒரு ஒத்திகை பார்த்துவிடுவோம்.

சார்: ஓ... உள்ளே வந்துவிட்டோமா? எங்கே பார்த்தாலும் வயர்! இப்படித் திருப்பினால்... கூரை. இன்னும் வேகமாக... ஐயோ, தலைகீழாகப் போகிறதே!

டீச்சர்: மெதுவாக, மெதுவாக! மவுஸை விடுங்கள் சார்!

சார்: விட்டுவிட்டேன். அறைதான் இன்னும் சுற்றுகிறது.

டீச்சர்: சார்?

சார்: டீச்சர்... அந்தக் கட்டைக் கொஞ்சம் சீக்கிரம் பிரியுங்கள்.