1602-இல் கேட்ட குரல்கள்

சென்ற மாதம் அப்பாவின் தகரப் பெட்டியைத் திறந்தபோது, பழைய ரேஷன் அட்டைகளுக்கும், இலங்கையிலிருந்து திரும்பியோருக்கான மண்டபம் முகாமில் கொடுத்த குடும்ப அட்டைக்கும் அடியில் ஒரு ஒலிநாடா கிடைத்தது. அதன்மேல் பென்சிலால், அப்பாவின் சாய்ந்த கையெழுத்தில், 'ஊட்டி ரேடியோ, ஞாயிறு' என்று மட்டும் எழுதியிருந்தது. குன்னூரில் டேப் ரெக்கார்டர் பழுதுபார்க்கும் ஒருவரிடம் கொண்டுபோனேன். பூஞ்சை படிந்திருந்த நாடாவை அவர் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்து, வேறு கூட்டுக்குள் மாற்றி ஓடவிட்டார். முதலில் வெறும் இரைச்சல்தான் வந்தது. பிறகு, நீலகிரியின் படுகர் மக்கள் பாடும் ஒரு படுகப் பாட்டு. அதற்குப் பின், தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லைனுக்கு இரண்டு வளைவு கீழே இருக்கும் ஹட்டியை, அதாவது படுகர் ஊரை, சேர்ந்த ஒரு பெரியவர் பேசத் தொடங்கினார். தேயிலை வருவதற்கு முன்னால் சாமையும் ராகியும் உருளைக்கிழங்கும் விளைந்த நிலங்களின் பெயர்களை அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே போகிறார். அவர் மறைந்து பல ஆண்டுகள் ஆகிவிட்டன. அந்தப் பெயர்களில் பாதிக்குமேல் இன்று அந்த ஹட்டியிலேயே யார் வாயிலும் இல்லை.

அன்றிலிருந்து மனத்தை விட்டு நீங்காத ஒன்றை இங்கே எழுதுகிறேன். நீலகிரியின் வானொலி, தொலைக்காட்சி வரலாற்றை யாரும் முழுமையாக எழுதவில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம். அதைவிடப் பெரிய வருத்தம், எழுத உட்காருகிறவருக்குச் சான்றாக இருக்க வேண்டிய ஒலியும் படமும் ஈரத்திலும் பூஞ்சையிலும் அழிந்துகொண்டிருப்பது. கட்டடம் போனால் புகைப்படமாவது மிஞ்சும். பதிவு போய்விட்டால், அந்தக் குரல் ஒலித்தது என்பதற்கே சாட்சி இல்லை.

தமிழ் ஒலிபரப்பின் கதையைச் சொல்கிறவர்கள் சென்னையில் தொடங்குவார்கள். 1924-இல் சி. வி. கிருஷ்ணசாமி செட்டியார் முன்னின்று அமைத்த சென்னை மாகாண ரேடியோ கிளப், அது பணமில்லாமல் மூடியபின் 1930-இல் சென்னை மாநகராட்சி ஏற்று நடத்திய ஒலிபரப்பு, 1938-இல் அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம், மறு ஆண்டே திருச்சி நிலையம் என்று அந்தக் கதை சமவெளியிலேயே நடக்கும். எங்களுக்குப் பக்கத்து நகரமான கோவைக்கு நிலையம் வந்தது 1966-இல். வெள்ளைக்காரர் காலத்தில் கோடை வந்தால் மாகாண அரசே கோப்புகளோடு ஊட்டிக்கு ஏறி வரும். அப்படிப்பட்ட ஊருக்குச் சொந்தமாக ஒரு வானொலி நிலையம் அமையத் தொண்ணூறுகள் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அதுவரை மலை எதைக் கேட்டது என்றால், எந்தச் சரிவில் வீடு இருக்கிறதோ அந்தச் சரிவுக்கு எது எட்டுகிறதோ அதைக் கேட்டது. கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் கோவையும் திருச்சியும் கிடைக்கும். கூடலூர், பந்தலூர்ப் பக்கம் போனால் கோழிக்கோட்டு நிலையத்தின் மலையாளமும் மைசூர் நிலையத்தின் கன்னடமும் தமிழை முந்திக்கொண்டு வரும். ஊட்டியோ, சுற்றிலும் மலை எழுந்து நிற்கும் ஒரு கிண்ணம். 2,637 மீட்டர் உயர்ந்து நிற்கும் தொட்டபெட்டாவின் மறைவில் இருக்கிற வீட்டில் பகல் நேரத்தில் ஒரு நிலையத்தைத் தெளிவாகப் பிடிப்பது பெரும்பாடு. பொழுது சாய்ந்த பிறகுதான், வானத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பும் தொலைதூர அலைகள் வந்து இறங்கும்.

எங்கள் வீட்டில் அப்படி இறங்கியது கொழும்பு. 1964-இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தத்தின்படி, இலங்கையில் வாழ்ந்த இந்திய வம்சாவளியினரில் இந்தியா ஏற்றுக்கொள்ள ஒப்புக்கொண்ட ஐந்தேகால் லட்சம் பேரில் என் பெற்றோரும் அடக்கம். தலைமன்னாரில் கப்பல் ஏறி, மண்டபம் முகாமில் பெயர் பதிந்து, தாயகம் திரும்பியோருக்காக அரசு வளர்த்த தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்து, கோத்தகிரிக்கு மேலே ஒரு லைன் வீட்டில் குடியேறினார்கள். கொண்டுவந்த சாமான்களில் அப்பா மடியில் வைத்துக் காத்தது அந்த ரேடியோவைத்தான். தபால் ஆபீசில் ஆண்டுக்கட்டணம் செலுத்தி லைசென்ஸ் வாங்கிய காலம் அது. இலங்கை வானொலி அறிவிப்பாளர்கள் கே. எஸ். ராஜாவின் குரலும் அப்துல் ஹமீதின் குரலும் தமிழ்நாடு முழுக்கவே செல்லக் குரல்கள்தாம். ஆனால் எங்கள் லைனில் அவை வேறு மாதிரி ஒலித்தன. விட்டுவந்த ஊரின் மழைச் செய்தி வருமா என்று அம்மா கொழுந்துக் கூடையை இறக்காமலே வாசலில் நின்று கேட்பார். சொந்த மண் என்று அனுப்பிவைத்த இடத்தில் இருந்துகொண்டு, எங்களைப் பற்றிப் பேசும் நிலையத்துக்காக நாங்கள் கடல் கடந்து காது கொடுத்துக்கொண்டிருந்தோம்.

இதே மலையில், ஊட்டிக்கு அருகே முத்தோரையில், 1970-இல் வானியல் அறிஞர் கோவிந்த் ஸ்வரூப் தலைமையில் ஒரு ரேடியோ தொலைநோக்கி எழுந்தது. 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமும் கொண்ட அந்த ஆண்டெனாவை, பூமியின் அச்சுக்கு இணையாக அமையும்படி, அதற்கேற்ற சாய்வுள்ள ஒரு மலைச்சரிவில் நிறுவினார்கள். பள்ளியிலிருந்து எங்களை அழைத்துப்போன ஆசிரியர், "இது பேசாது, கேட்கும்" என்றார். அந்த அறிவியல் சாதனையில் எனக்கு இன்றும் பெருமைதான். ஆனாலும் விண்ணைக் கேட்க அவ்வளவு பெரிய காது முளைத்த மலையில், மண்ணில் இருப்பவர்கள் பேச ஒரு வாய் கிடைக்க இன்னும் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆனதே என்ற எண்ணம் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வருகிறது.

ஊட்டி வானொலி வந்தபோது அதற்குக் கிடைத்த இடம் மத்திய அலையில் (மீடியம் வேவ்) 1602 கிலோஹெர்ட்ஸ், சக்தி ஒரு கிலோவாட். பழைய ரேடியோவில் முள்ளைத் திருகித் திருகி, அது வலப்பக்க மூலையில் முட்டி நிற்கும் இடம் அது. அதற்கு அப்பால் எண்ணே இருக்காது. மத்திய அலையில் எண் ஏற ஏற, தரையைத் தழுவிப் போகும் அலை விரைவில் தளர்ந்துவிடும். நடுவில் ஒரு மலை மடிப்பு வந்தால் இன்னும் மோசம். கோவை நிலையத்தின் சக்தி இருபது கிலோவாட் என்பதை நினைத்தால், இது எவ்வளவு சிறிய நிலையம் என்று விளங்கும். அப்படியும் அது எங்கள் மலையின் நிலையமாக இருந்தது. படுகப் பாடல்கள் வானொலியில் வந்தன. பழங்குடி மக்களுக்கான நிகழ்ச்சிகள் வந்தன. தோடர் எண்ணிக்கையே இரண்டாயிரம் அளவில்தான். கோத்தரும் சிறு கூட்டம்தான். அந்த மொழிகளுக்குச் சென்னையிலோ கோவையிலோ இருந்து யாரும் நேரம் ஒதுக்கப்போவதில்லை. மாநிலம் முழுவதற்கும் ஒரே நிகழ்ச்சியை அஞ்சல் (மறு ஒலிபரப்பு) செய்தால் செலவு மிச்சம் என்று கணக்குச் சொல்வோர் இந்த இடத்தைத்தான் பார்க்கத் தவறுகிறார்கள். மலையில் உள்ளூர் நிலையம் கழித்துவிடக்கூடிய செலவு என்பதை என்னால் ஏற்க முடியாது.

தொலைக்காட்சியின் கதையும் ஏறக்குறைய இதே வழியில் போகிறது. சென்னையில் தூர்தர்ஷன் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15 அன்று. தென்மாவட்டங்களுக்குப் படம் காட்டியது கொடைக்கானல் உச்சியில் எண்பதுகளில் எழுந்த கோபுரம். உயரத்தில் இருந்து அனுப்பினால் வெகுதூரம் போகும் என்பதற்காக மலையில் கோபுரம் நட்டார்கள். ஆனால் அந்த உயரத்தின் பலனைப் பெற்றது சமவெளி. கொடைக்கானலின் 100.5 பண்பலைக்கும் இது பொருந்தும். பத்து கிலோவாட்டில் மதுரை, திண்டுக்கல், தேனி என்று அது விரிகிறது. கோத்தகிரியில் சமவெளியைப் பார்த்த சரிவில் நின்று நானே அதைக் கேட்டிருக்கிறேன். மலைக்குப் பின்னால் இருப்பவனுக்கு அது எட்டாது, ஏனென்றால் பண்பலை நேர்கோட்டில் போகும் அலை. எங்கள் லைனில் முதல் டிவி வந்தபோது ஆண்டெனாவை வீட்டுக் கூரையில் வைத்துப் பயனில்லை என்று, மேட்டில் இருந்த சில்வர் ஓக் மரத்தில் கட்டி, பூஸ்டர் போட்டு, நூறடிக்கு மேல் ஒயர் இழுத்து இறக்கினார்கள். காற்றடித்தால் படம் புள்ளி புள்ளியாகிவிடும். ஒருவர் மரத்தடியில் நின்று திருப்புவார், இன்னொருவர் ஜன்னலில் நின்று குரல் கொடுப்பார்.

கேபிள் வந்த பிறகு மரமேற வேண்டிய தேவை போயிற்று. தொண்ணூறுகளின் பிற்பாதியில் எங்கள் பகுதிக் கேபிள்காரர்கள் தாங்களாகவே ஓர் உள்ளூர் சேனலை நடத்தினார்கள். சினிமாவுக்கு நடுவே, படுகரின் ஹெத்தையம்மன் பண்டிகைக்கு வெள்ளை முண்டும் தலைப்பாகையும் அணிந்து வந்த கூட்டத்தையும், கடைவீதி மாரியம்மன் தேரையும், பச்சைத் தேயிலைக்குக் கட்டுப்படியான விலை கேட்டுச் சிறு விவசாயிகள் சாலையில் உட்கார்ந்ததையும் காட்டினார்கள். படம் ஆடும், ஒலி தேயும், தலைப்பு எழுத்தில் பிழை இருக்கும். ஆனால் தேயிலை விலை விழுந்த அந்த ஆண்டுகளில் எங்கள் ஊர் முகங்களை நாள்தோறும் காட்டியது அந்த ஒற்றைச் சேனல்தான். அந்த நாடாக்களைத் தேடி அண்மையில் விசாரித்தேன். அலுவலகத்தை இடம் மாற்றியபோது மூட்டை கட்டி, ஒரு மழைக்காலம் முழுவதும் கூரை ஒழுகும் கிடங்கில் போட்டுவிட்டு, பிறகு குப்பை வண்டியில் ஏற்றிவிட்டார்களாம். சொன்னவருக்கு அதில் எந்த உறுத்தலும் இல்லை. அவரைக் குறை சொல்லியும் பயனில்லை. அவை வரலாறு என்று அவருக்கு யாரும் ஒருநாளும் சொன்னதில்லை.

சமுதாய வானொலி வந்தது ஓர் ஆறுதல். 2006-இல் மைய அரசு தொண்டு அமைப்புகளுக்கும் அனுமதி தந்ததன் பயனாக, கோத்தகிரியில் கீஸ்டோன் அறக்கட்டளையின் 'ரேடியோ கோத்தகிரி' 90.4-இல் ஒலிக்கத் தொடங்கியது. படுகு மொழியும் ஆதிவாசி மொழிகளும் அதில் தயக்கமின்றிப் பேசப்படுகின்றன. ஆனால் விதிகள் சமவெளிக்காரர் எழுதியவை போல் இருக்கின்றன. பொதுவாக நூறு வாட் சக்தி, முப்பது மீட்டர் ஆண்டெனா என்ற வரம்பு தட்டையான தரையில் பத்து கிலோமீட்டர் வரை போகும். இங்கே இரண்டாவது திருப்பத்திலேயே அலை மங்கிவிடும். சொந்தமாகச் செய்தி ஒலிபரப்பவும் அனுமதி இல்லை. மலை மாவட்டங்களுக்குச் சிறு அஞ்சல் கருவிகளையும் கூடுதல் சக்தியையும் தனியாக அனுமதிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

2009 நவம்பரில் நீலகிரியில் மண் சரிந்து நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் எண்பது சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. 2009-இல் எங்கள் லைனில் மின்சாரம் போய், செல்போன் கோபுரமும் அடங்கிவிட்ட இரண்டு இரவுகளில், இரண்டு பேட்டரி போட்ட அப்பாவின் டிரான்சிஸ்டர் மட்டும்தான் பேசியது. 'நீலகிரியில் கனமழை' என்று சென்னை சொல்வதால் எங்களுக்கு என்ன தெரிந்துவிடும்? எந்த வளைவில் சாலை போயிற்று, எந்தப் பள்ளியில் முகாம் திறந்திருக்கிறது என்பதைச் சொல்ல மலையில் இருக்கிற நிலையத்தால்தான் முடியும்.

உங்கள் வீட்டுப் பரணில் ஊட்டி வானொலியில் பதிந்த நாடாவோ, உள்ளூர் கேபிள்காரர் எடுத்த திருவிழா கேசட்டோ இருந்தால் எனக்குச் சொல்லுங்கள். உறையில் வெண்புள்ளி தெரிந்தால் தயவுசெய்து உடனே ஓடவிட்டுப் பார்க்காதீர்கள். பூஞ்சை ஒட்டிய நாடா முதல் சுற்றிலேயே அறுந்துவிடலாம். துடைத்துக் கொடுக்க அந்தக் குன்னூர்க்காரர் தயாராக இருக்கிறார், எண்மமாக்கும் செலவை நான் ஏற்கிறேன். அப்பாவின் நாடாவின் ஒரு பிரதியை அந்தப் பெரியவரின் பேரனுக்குக் கொடுத்தேன். மறுநாள் காலையில் ஒரு பள்ளி நோட்டோடு வந்து நின்றான். இருபத்து மூன்று நிலப்பெயர்களை எழுதியிருந்தான். இரண்டு மட்டும் இரைச்சலில் சரியாகக் கேட்கவில்லை என்று, மூல நாடாவை இன்னொரு முறை போடச் சொன்னான்.