இரவு பத்து மணிக்குப் பிறகும் மைக்கின் முன் ஒரு மனிதர் வேண்டும்

உள்ளூர் மக்களுக்காக நடக்கும் சிறு வானொலியான எங்கள் ஊர்ச் சமுதாய வானொலியில் இரவுப் பாடல் நிகழ்ச்சியை நேரலையாக நடத்துவதை நிறுத்திவிட்டு, பத்து மணிக்குமேல் கணினியில் அடுக்கி வைத்த பாடல்களை மட்டும் ஓடவிடலாம் என்று நிலையக் குழுவில் பேசி வருகிறார்கள். 2017 முதல் திங்கள், வியாழன் ஆகிய இரண்டு இரவுகளிலும் பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை அந்த மைக்கின் முன் ஊதியமின்றி உட்கார்ந்து வருகிறவன் என்ற முறையில், இந்த யோசனையை முழுமனதோடு எதிர்க்கிறேன். என் இடம் போய்விடுமே என்ற கவலையில் இதை எழுதவில்லை. நாளைக்கே வேறொருவர் அந்த நாற்காலியில் அமர முன்வந்தால் மகிழ்ச்சியோடு எழுந்து கொள்வேன். ஆனால் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது.

குழுவினர் முன்வைக்கும் முதல் கேள்வி, அந்த நேரத்தில் யார் கேட்கிறார்கள் என்பது. கேட்பவர்களை எண்ணிக் காட்ட எங்களிடம் கருவி எதுவும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் தொலைபேசி இருக்கிறது. ஓர் இரவில் பதினைந்து இருபது அழைப்புகளாவது வருகின்றன. மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று பம்புசெட் கொட்டகையில் கண்விழித்துக் காத்திருக்கும் விவசாயி, ஏடிஎம் வாசலில் நாற்காலி போட்டு அமர்ந்திருக்கும் காவலாளி, விடிந்தால் கடைகளுக்குப் போக வேண்டிய ரொட்டிக்கு மாவு பிசைகிற பேக்கரித் தொழிலாளி, படுத்த படுக்கையாகிவிட்ட மாமியாருக்கு அருகில் விழித்திருக்கும் மருமகள் என்று, ஊர் உறங்கும்போது உறங்க முடியாதவர்கள் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதை நான் இந்த வேலைக்கு வந்த பிறகுதான் அறிந்தேன். இவர்களில் பலரிடம் இருப்பது பட்டன் போன். அதில் இயர்போனைச் செருகினால் அந்தக் கம்பியே ஆன்டெனாவாகி எஃப்.எம். எடுக்கும், டேட்டா செலவு இல்லை. கைப்பேசியில் கோடிக் கணக்கான பாடல்கள் கிடைக்கும்போது வானொலி எதற்கு என்று கேட்பவர்கள், அந்த இயர்போன் கம்பியை ஒருமுறை நினைத்துப் பார்க்க வேண்டும்.

எங்கள் ஒலிபரப்பியின் திறன் 50 வாட். ஆன்டெனாவிலிருந்து வெளியே பரவும் கதிர்வீச்சுத் திறனுக்கும் விதிகள் வைத்திருக்கும் வரம்பு 100 வாட்தான் என்பதால், சமதரையான எங்கள் டெல்டாவில் பத்துப் பதினைந்து கிலோமீட்டருக்கு மேல் எங்கள் குரல் போகாது. இதைக் குறையாகச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதுவே பெரும் பலமாகத் தெரிகிறது. வட்டத்துக்குள் இருக்கும் ஊர்களையும் தெருக்களையும் நான் அறிவேன். ஒரு தெருவில் அன்று சாவு விழுந்திருந்தால், குத்துப்பாட்டு கேட்டு அழைப்பவரிடம் நாளைக்குப் போடுகிறேன் என்று தணிவாகச் சொல்லிவிட்டு, அந்த இடத்தில் வேறொரு பாடலை வைக்க முடிகிறது. மறுநாள் காலை ஒன்பது மணி முதல் மின்தடை என்றால் இரவே சொல்லிவிட முடிகிறது. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக் கூடாது என்று விதி இருந்தாலும், வானிலை, மின்சாரம், குடிநீர், இயற்கைப் பேரிடர் குறித்த அறிவிப்புகளுக்குத் தடையில்லை. 2018 நவம்பர் 15 ஒரு வியாழக்கிழமை. கஜா புயல் கரையைக் கடந்த இரவு. மின்சாரம் அறுந்து போகும்வரை ஒவ்வொரு பாடலுக்கும் நடுவில் காற்றின் நிலையையும், எந்தெந்தப் பள்ளிகளில் மக்களைத் தங்க வைத்திருக்கிறார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டிருந்தோம். அந்த இரவில் கணினி மட்டும் ஓடியிருந்தால், கூரை பிய்ந்து கொண்டிருந்த வீடுகளுக்குள் காதல் பாடல்தான் ஒலித்திருக்கும்.

பாடல்களை வரிசைப்படுத்துவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனெனில் கணினியால் எளிதாகச் செய்துவிடலாம் என்று பலர் எண்ணுவது இதைத்தான். பத்து மணிக்குக் கேட்பவர் சாப்பிட்டுக் கை கழுவியிருப்பார். பன்னிரண்டு மணிக்குக் கேட்பவர் தூக்கத்தோடு போராடிக்கொண்டிருப்பார், அல்லது தூக்கம் வராமல் புரண்டுகொண்டிருப்பார். தூக்கத்தோடு போராடுபவரை விழித்திருக்க வைக்க வேண்டும், புரண்டுகொண்டிருப்பவரை உறங்க வைக்க வேண்டும் என்றால் ஒரே பாடல் எப்படி இருவருக்கும் பொருந்தும்? என் அனுபவத்தில் குரல் பாடல்களுக்கு நடுவே வரும் வாத்திய இசை இருவருக்குமே பொருந்துகிறது. அர்த்தசாமப் பூசை முடிந்து சுவாமி பள்ளியறைக்கு எழுந்தருளும்போது நாகசுரத்தில் நீலாம்பரி ராகம் வாசித்த ஊர்கள் இவை. அந்த ராகத்தைப் பெயர் சொல்லத் தெரியாதவர்களும் அது வந்ததும் அமைதியாகிவிடுவதை அழைப்புகளில் கேட்டிருக்கிறேன்.

நான் பேசக் கற்றுக்கொண்டது இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்த என் தந்தையிடம். 1952இல் அகில இந்திய வானொலி திரைப்பாடல்களை ஒலிபரப்பாமல் ஒதுக்கிவைத்தபோது ரேடியோ சிலோன் எனப்பட்ட அந்த இலங்கை வானொலியின் பக்கம் திரும்பியவர்களில் எங்கள் கடலோர ஊர்களும் உண்டு. அந்தப் பழக்கம் பின்னர் அகில இந்திய வானொலியில் திரைப்பாடல்கள் வந்த பிறகும் விடவில்லை. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீது ஆகிய இலங்கை வானொலி அறிவிப்பாளர்களின் குரல்களை என் தந்தை வீட்டு மனிதர்களின் குரல்களைப் போல அடையாளம் சொல்வார். பாடலுக்கு முன் படத்தின் பெயரையும் பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர் பெயர்களையும் ஒன்று விடாமல் சொல்வது நேயருக்கும் கலைஞருக்கும் செய்யும் மரியாதை என்பது அவர் கருத்து. இன்று அந்த மரியாதையைத் தனியார் எஃப்.எம்.களில் தேடினாலும் கிடைப்பது அரிதாகிவிட்டது. எங்கள் நிலையத்தில் அது இன்னும் இருக்கிறது. பன்னிரண்டு மணிக்கு மேல் நான் சொல்வது அது மட்டும்தான்; அந்த நேரத்தில் அதற்குமேல் பேசுவது கேட்பவர்களுக்குத் தொந்தரவு என்றே நினைக்கிறேன்.

குழுவினரின் மற்றொரு கவலையை நான் மறுக்கவில்லை. இரவு ஒரு மணிக்குத் தன்னார்வலர், குறிப்பாகப் பெண்கள், வீடு திரும்புவது எளிதல்ல. நேரத்தைப் பன்னிரண்டோடு முடித்துக்கொள்ளலாம்; இருவர் இருவராக வரச் செய்யலாம்; போகவர ஆட்டோவுக்கு ஊரிலேயே நன்கொடை திரட்டலாம். இவற்றில் எதையும் முயன்று பார்க்காமல் ஆளையே எடுத்துவிடுவதுதான் எனக்கு ஏற்புடையதாக இல்லை. வானலைகள் பொதுச் சொத்து என்று உச்ச நீதிமன்றம் 1995இல் சொன்னது; கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் கிடைத்த சமுதாய வானொலி உரிமம் 2006இல்தான் தொண்டு நிறுவனங்களுக்கும் திறந்தது. இத்தனை ஆண்டுகள் காத்திருந்து கிடைத்த அலைவரிசையில் பாதி இரவை ஆளில்லாமல் விடுவதற்கு மனம் வரவில்லை.

வரும் ஞாயிற்றுக்கிழமை குழு கூடுகிறது. திங்களும் வியாழனும் என் பொறுப்பு. மீதி ஐந்து இரவுகளுக்கு ஆட்கள் தேவை. நல்ல குரல் வேண்டும் என்பதில்லை. தொலைபேசியில் பேசுபவரை இடைமறிக்காமல் கேட்கவும், பெயர்களைப் பிழையின்றிச் சொல்லவும் தெரிந்தால் போதும். நிலையத்தின் ஒலி மிக்ஸரை இயக்க இரண்டு வாரத்தில் நானே கற்றுத் தருகிறேன். விருப்பமுள்ள உள்ளூர் நண்பர்கள் சனிக்கிழமைக்குள் எனக்குச் செய்தி அனுப்புங்கள். உங்கள் பெயர்களோடுதான் அந்தக் கூட்டத்துக்குப் போக விரும்புகிறேன்.