குறட்டை வியாதி ஆம்பளைங்களுக்கு மட்டும்னு வர்ற மெசேஜ் தப்பு

"தூக்கத்துல மூச்சு அடைக்கிற வியாதி குண்டான ஆம்பளைங்களுக்குத்தான் வரும், பொம்பளைங்களுக்கு வராது"ன்னு எங்க வண்ணாரப்பேட்டை வாட்ஸ்அப் குரூப்ல ரெண்டு நாளா ஒண்ணு சுத்துது, தயவுசெஞ்சு ஃபார்வர்ட் பண்ணாதீங்க, உண்மையில்ல.

ஆம்பளைங்களுக்கு அதிகம்ங்கறது வரைக்கும் சரி. அமெரிக்காவுல விஸ்கான்சின்ல 30லேர்ந்து 60 வயசு உள்ளவங்களை ராத்திரி தூங்க வச்சு பாத்து 1993ல வந்த ஆய்வுல, மணிக்கு 5 தடவையாவது மூச்சு தடைபட்டவங்க ஆம்பளைங்கள்ல 24 சதவீதம், பொம்பளைங்கள்ல 9 சதவீதம். நூத்துக்கு 9 பேருக்கு இருக்கறதை வரவே வராதுன்னு எப்படி சொல்றது? மாதவிடாய் நின்னப்புறம் இன்னும் கூடும்.

பொம்பளைங்களுக்கு பல நேரம் குறட்டை பெருசா தெரியாது, தூக்கம் வராம புரளுறது, காலைல தலைவலி, பகல்ல அசதின்னு வரும், டென்ஷன்னு சொல்லி மாத்திரை குடுத்து அனுப்பிடறாங்க. எங்க அத்தை காசிமேட்டுல மீன் விக்கறவங்க, அருவாமணைல மீனு வெட்டும்போதே கண்ணு சொருகும், விடியக்காலைல எழுந்துக்கறதாலதான்னு வருஷக்கணக்கா நாங்களே நெனச்சோம், ஒருநாள் பக்கத்துல படுத்திருந்தப்பதான் மூச்சு நின்னு நின்னு திடுக்குனு இழுக்கறதை கேட்டேன். டெஸ்ட்லயும் அதேதான் வந்துச்சு.

உங்க அம்மா, அக்கா யாருக்காவது இப்படி இருந்தா இஎன்டி இல்லன்னா நுரையீரல் டாக்டர்கிட்ட ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது மூச்சு எப்படி போகுதுன்னு பாக்கற டெஸ்ட்) எடுக்கணுமான்னு நேரா கேளுங்க.