நாசாவின் ஸ்பேஸ் கிரான்ட் நிதி எல்லா நாட்டு மாணவருக்கும் உரியதா?

விண்வெளிக் கல்விக்கும் ஆய்வுக்கும் நாசா தரும் ‘ஸ்பேஸ் கிரான்ட்’ நிதிக்கு எந்த நாட்டு மாணவரும் நேரடியாக விண்ணப்பித்து, சொந்தச் செயற்கைக்கோள் செய்யப் பணம் பெறலாம் என்றும், ‘திட்டமிடல் நல்கை’ (planning grant) என்பது அதற்கான பரிசுத்தொகை என்றும் பகிரப்படும் செய்தி தவறானது.

அமெரிக்க நாடாளுமன்றம் 1987-இல் இயற்றிய சட்டத்தின்படி 1989-இல் தொடங்கிய இத்திட்டம், 50 மாநிலங்கள், தலைநகர் வாஷிங்டன், புவேர்ட்டோ ரிக்கோ ஆகியவற்றில் இயங்கும் 52 பல்கலைக்கழகக் கூட்டமைப்புகளின் வழியாகவே நடக்கிறது. நாசா தரும் பணம் கூட்டமைப்பை வழிநடத்தும் நிறுவனத்தின், பெரும்பாலும் ஒரு பல்கலைக்கழகத்தின், கணக்குக்குச் செல்கிறது. அங்கிருந்து மாணவருக்கு நேரடியாக வழங்கப்படும் உதவித்தொகையைப் பெற அமெரிக்கக் குடியுரிமை வேண்டும்.

‘திட்டமிடல் நல்கை’ என்ற சொல்லும் இச்செய்தியில் பிழையாகப் பொருள்கொள்ளப்பட்டுள்ளது. பொதுவாக அத்தகைய நல்கை, கருவி செய்வதற்கோ விண்ணில் ஏவுவதற்கோ அன்று; எந்தப் பல்கலைக்கழகம் எந்தப் பணியை ஏற்கும், எந்த ஆய்வகம் பகிரப்படும் என்பதைக் கூடிப் பேசி, முழு ஆய்வு முன்மொழிவை ஆயத்தம் செய்வதற்கான சிறு தொகை அது. கூட்டாய்வின் வெற்றி பெரும்பாலும் இக்கட்டத்திலேயே முடிவாகிறது என்பதால், அதைப் பரிசுத்தொகைபோல் சித்திரிப்பது மாணவர்களுக்கு இழைக்கும் அநீதி.

இந்தியாவில் இதற்கு நெருக்கமான வழி கல்வி நிறுவனங்களின் விண்வெளி ஆய்வுகளுக்கு நிதி தரும் இஸ்ரோவின் ‘ரெஸ்பாண்ட்’ திட்டம். அதிலும் பேராசிரியர் எழுதும் முன்மொழிவு, அவருடைய கல்வி நிறுவனத்தின் ஒப்புதலுடனேயே அனுப்பப்பட வேண்டும்.