செக் எஞ்சின் லைட்டுக்கு 920 வெள்ளி மொய்

மறுபடியும் எரிகிறது. இன்று காலை ஏழேகாலுக்கு, கோலாலம்பூர் ஜாலான் கூச்சிங் சாலை நெரிசலில் நகர வழியில்லாமல் நிற்கும்போது, அந்த மஞ்சள் எஞ்சின் படம் மீட்டரில் வந்து "என்ன அண்ணே, சௌக்கியமா?" என்கிறது. மூன்றாவது முறை. கோயிலில் விளக்கேற்றக் காசு கொடுப்போம், எனக்கு மட்டும் விளக்கை அணைக்க 920 மலேசிய வெள்ளி, அதுவும் இரண்டு நாளைக்கு.

கார் 2008 மாடல், 1.3 லிட்டர். பழசுதான், ஒத்துக்கொள்கிறேன். அதற்காக வொர்க்‌ஷாப்பில் இறங்கும்போதே போர்மேன் அதை ஐசியூ நோயாளியைப் பார்ப்பதுபோல் பார்க்கவேண்டுமா?

அந்தச் சனிக்கிழமையைச் சொல்லாமல் விடமாட்டேன். ஸ்டீயரிங்குக்கு அடியில் ஸ்கேனரைச் செருகினார். பி0171 என்று ஒரு கோளாறு கோட் வந்தது. எஞ்சினுக்குப் போகும் கலவையில் காற்று அதிகம், எண்ணெய், அதாவது பெட்ரோல், கம்மி என்று அதற்கு அர்த்தம். அவர் அதை ஜாதகம் பார்ப்பதுபோல் பார்த்தார். "ச்சு" கொட்டினார். போன் வந்தது. போனில் யாரோ ஒருவருடைய கியர்பாக்ஸைப் பற்றி இருபது நிமிடம். நான் பழைய டயர்மேல் உட்கார்ந்திருக்கிறேன். திரும்பி வந்தார், ஸ்கேனரை மறுபடியும் பார்த்தார், நம்பர் மாறியிருக்கும் என்று நினைத்தாரோ என்னவோ, மறுபடியும் "ச்சு". அப்புறம் சொன்னார்: "சென்சர்ண்ணே. மாத்திப் பார்ப்போம்."

மாத்திப் பார்ப்போம்! பார்ப்பது அவர், பணம் கட்டுவது நான். இதற்கு முந்தின தடவை இக்னிஷன் காயிலும் ஸ்பார்க் பிளக்கும் மாத்திப் பார்த்தோம், 420. இந்தத் தடவை ஆக்ஸிஜன் சென்சர், 380. வந்ததற்கு வந்தாச்சு என்று எஞ்சினுக்குக் காற்று போகும் வாயான த்ரோட்டில் பாடியைக் கழுவியது 120. கழற்றிய சென்சரைக் கேட்டால் "தூக்கிப் போட்டாச்சுண்ணே."

அந்தச் சென்சர் என்ன பாவம் செய்தது? புகைக்குழாயில் உட்கார்ந்துகொண்டு, "ஐயா, இங்கே ஆக்ஸிஜன் அதிகமாக வருகிறது, எங்கிருந்தோ காற்று திருட்டுத்தனமாக நுழைகிறது" என்று ஒழுங்காகத் தகவல் கொடுத்தது. தூது வந்த அனுமன் வாலில் தீ வைத்த கதைதான். புதுச் சென்சரும் அதே உண்மையைத்தான் சொன்னது. அது சொல்லி, காரின் கம்ப்யூட்டர் ஓரிரு ஓட்டத்தில் உறுதிப்படுத்திக்கொண்டு மறுபடி விளக்கைப் போடுவதற்குள் நாம் பணத்தைக் கட்டிவிட்டு வீடு வந்து சேர்ந்துவிடுவோம். ஸ்கேனரில் அந்தக் கோட் நம்பரை அழித்தால் விளக்கு உடனே அணையும். நோய் போய்விட்டது என்று நினைத்து நாமும் தேங்க்ஸ் சொல்லிவிட்டு வருவோம். நான் சொன்னேன். கை வேறு குலுக்கினேன்.

சரி. இன்று சாயங்காலம் மச்சினனிடம் இருந்த 35 வெள்ளி புளூடூத் ஸ்கேனரை வாங்கிப் போனில் போட்டுப் பார்த்தேன். கம்ப்யூட்டர் எவ்வளவு எண்ணெயைக் கூட்டிக் கொடுக்கிறது என்று ஃபியூல் ட்ரிம் காட்டும். கார் நின்றபடி எஞ்சின் ஓடும் ஐட்லிங்கில் 24 சதவீதம். ஆக்ஸிலேட்டரை மிதித்து 2500 ஆர்பிஎம்மில் பிடித்தால் 6. எண்ணெய் பம்ப் சோர்ந்திருந்தால் மிதிக்க மிதிக்கக் கூடவேண்டும், இது குறைகிறது. அப்படியென்றால் எங்கோ குழாய் விரிசல் விட்டுக் காற்றை உறிஞ்சுகிறது. இது எனக்கே தெரிகிறது, நான் கணக்கெழுதிப் பிழைக்கிறவன்.

பானெட்டைத் திறந்து, எஞ்சின் ஆறும்வரை ஒரு தே தாரிக் டீ குடித்துவிட்டு, ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக வளைத்துப் பார்த்தேன். எஞ்சினுக்குள் சேரும் ஆவியை மறுபடி உள்ளே இழுக்கும் பிசிவி குழாய், அடிப்பக்கம், கண்ணுக்குத் தெரியாத இடத்தில், விரல் நீளத்துக்கு வாய் பிளந்திருந்தது. பதினேழு வருஷச் சூட்டில் ரப்பர் கருவாடாகியிருக்கிறது. ஸ்பேர்பார்ட்ஸ் கடையில் புதுசு எட்டு வெள்ளி ஐம்பது காசு. மாட்டினேன். 24 மெல்ல இறங்கி 3-க்கு வந்தது.

எட்டு வெள்ளி ஐம்பது காசு.

உடனே போர்மேனுக்குப் போன் போட்டேன். கத்தவேண்டும் என்று என்னென்னவோ ஒத்திகை பார்த்துவைத்திருந்தேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, "ஆமாண்ணே, பழைய கார்ல அந்த ரப்பர் ஹோஸ்தான் முதல்ல போகும்" என்றார். அப்படி என்றால் அதை ஏனய்யா கடைசிவரை பார்க்கவில்லை என்று வாயைத் திறந்தவன், என்னையறியாமல் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். அடுத்த மாதம் பிரேக் பேட் மாற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். போவேன்தான், வேறெங்கே போக.

குழாய் நிற்கிறதா பார்க்கலாமென்று பத்துமலைவரை ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டுத் திரும்பினேன். விளக்கு இல்லை. எஞ்சின் பட்டுபோல ஓடுகிறது. நிம்மதியாக ஃபிளாட்டுக்கு வந்தால், என் பார்க்கிங்கில் யாரோ பெயிண்ட் டின்னையும் உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியையும் வைத்து இடம் பிடித்திருக்கிறார்கள். கார்கூட இல்லை, நாற்காலி! மாதம் தவறாமல் அந்த இடத்துக்கு நான் பணம் கட்டுகிறேன், உட்கார்ந்திருப்பது மூன்று கால் நாற்காலி. யாருடையது அது? எந்த மாடி?