அப்பா ஏன் விரலை ஊதுகிறார்?

போனைத் தொடுவதற்கு முன் அப்பா ஆள்காட்டி விரலை வாயருகே கொண்டுபோய் 'ஹா' என்று ஊதுவார். ஏதோ பழக்கதோஷம் என்று நினைத்திருந்தேன். இல்லை. டச் ஸ்க்ரீன் விரலின் அழுத்தத்தைப் பார்ப்பதில்லை, விரலால் திரையின் மின்புலத்தில் வரும் மாற்றத்தைத்தான் பார்க்கிறது. வயதாகித் தோல் காய்ந்துபோனால் அது விரலைச் சரியாக உணராது. ஊதினால் ஈரம், ஈரமிருந்தால் வேலை செய்கிறது. இதை அப்பா தானாகவே கண்டுபிடித்திருக்கிறார். ஆப் வடிவமைத்தே சம்பளம் வாங்கும் எனக்குத் தெரியவில்லை.

போன் மக்கர் செய்யும்போதெல்லாம் அவர் கேட்பது ஒன்றுதான்: "நான் ஏதாவது தப்பா அழுத்திட்டேனாடா?"

ஓடிபி கதை இன்னும் மோசம். ஆறு எண்கள் மேலே எட்டிப்பார்த்துவிட்டு ஓடிவிடும். கண்ணாடியைத் தேடி, மெசேஜைத் திறந்து, துண்டுச்சீட்டில் குறித்துக்கொண்டு திரும்பினால் நேரம் முடிந்திருக்கும். மூன்று முறை தவறினால் கணக்கு லாக். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி இணையதளங்களை அமைப்பது எப்படி என்று சொல்லும், 2023இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 அணுகல் விதிமுறை இதைப் பற்றித் தெளிவாகவே பேசுகிறது: உள்ளே நுழைய ஒருவரை மனப்பாடம் செய்யவோ பார்த்து எழுதவோ கட்டாயப்படுத்தாதே, காப்பி-பேஸ்டையாவது அனுமதி. நாங்கள் செய்த ஆப்பில் 'பாதுகாப்பு' என்று சொல்லி பேஸ்டைத் தடுத்திருந்தோம். அந்த மீட்டிங்கில் நானும் தலையாட்டினேன்.

இப்போது 'பெரியவர்களுக்குத் தனி ஆப்' என்று ஒரு பேச்சு ஓடுகிறது. பூதாகரமான ஐகான், நாலே பட்டன். எனக்கு இதில் உடன்பாடில்லை. அப்பாவுக்குப் பெரிய பட்டன் போன் ஒன்று வாங்கிக் கொடுத்தோம். "இது கிழவன் போன்" என்று டிராயரில் போட்டவர் அதன்பின் அதைத் திறக்கவே இல்லை. வீம்பு என்று நினைக்க வேண்டாம். 1993இல் பிலிப்ஸ், ஜாவோ என்ற இருவர் அமெரிக்காவில் 227 மாற்றுத்திறனாளிகளிடம் விசாரித்தார்கள். வாங்கிய உதவிக் கருவிகளில் 29.3 சதவீதத்தை அவர்கள் கைவிட்டிருந்தார்கள். முக்கியமான காரணங்களில் ஒன்று, கருவியைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் கருத்துக்கு யாரும் மதிப்புக் கொடுக்காதது.

இதற்கு நேர்மாறான உதாரணமும் உண்டு. 2009இல் ஐபோன் 3ஜிஎஸ்ஸில், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் வாய்ஸ்ஓவர் என்ற ஸ்க்ரீன் ரீடர் வந்தது. தடவிப்பார்க்க எழுத்துப் பட்டனே இல்லாத கண்ணாடிப் பலகை பார்வையற்றவருக்கு எதற்கு என்றுதான் தோன்றும். தொட்டால் பெயரைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும், அவ்வளவுதான் ஏற்பாடு. தனி போன் இல்லை. எல்லோரும் வாங்கும் அதே போன்.

ஆனால் போன் பேசினால் போதாது, ஆப்பும் ஒத்துழைக்க வேண்டும். பார்வையற்ற தோழி ஒருவரிடம் எங்கள் ஆப்பைக் கொடுத்தேன். எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் ஸ்க்ரீன் ரீடர் கேட்பவர், எனக்காக வேகத்தைக் குறைத்தார். "பட்டன். பட்டன். பட்டன்." என்றது போன். பட்டன்களுக்குப் பெயர் வைக்க நாங்கள் மறந்திருந்தோம். "இதுல எது பணம் அனுப்புறது, எது கேன்சல்?" என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார், எனக்குத்தான் முகம் சுருங்கிவிட்டது. இப்போது ஒவ்வொரு வெளியீட்டுக்கு முன்பும் அவர் சோதிக்கிறார், சம்பளத்துக்கு. ஓசியில் கருத்துக் கேட்கும் வேலையெல்லாம் வேண்டாம் என்று அவரே சொல்லிவிட்டார், நியாயம்தான்.

பேஸ்ட் தடையை எடுத்தாயிற்று. மாற்றியது சில வரிகள், அதற்கு மூன்று வார விவாதம்.

விரல் விஷயத்துக்கு, திரையைத் தொட உதவும் பேனா மாதிரியான ஸ்டைலஸ் வாங்கித் தரட்டுமா என்று அப்பாவிடம் கேட்டேன்.

"கொண்டா. ஒரு வாரம் வச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்."